கைதட்டச் சொன்னேன்

அவன் போன் செய்தபோது நான் மெஷினில் டை மாற்றிக்கொண்டிருந்தேன். சத்தத்தில் மணி கேட்கவில்லை. டீ டைமில் நானே கூப்பிட்டேன்.

"மச்சி, வர்ற ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?"

"இன்னா விசேஷம்?"

"நாடகத்துல நடிக்கிறேன்டா. மெட்ராஸ்ல."

"யாரு, நீயா?"

"ஏன், மூஞ்சி சரியில்லையா?"

"இன்னா வேஷம்?"

"பிரஸ் ஆபரேட்டர் வேஷம்."

அவன் சிரித்தான்.

"எனக்குப் பொருத்தமா கீதாம். டைரக்டரு சொன்னாரு. தங்கச்சியயும் கூட்டிகினு வா. கண்டிப்பா வரணும் மச்சி. ஊர்ல வேற யாரையும் கூப்பிடல."

வருகிறேன் என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. கீழே ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

அவன் ஏன் பிரஸ் ஆபரேட்டர் வேஷத்துக்குப் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். அவன் பிரஸ் ஆபரேட்டராகத்தான் இருந்தான். இடது கையில் மூன்று விரல் இல்லை.

எங்கள் இருவருக்கும் மண்ணூர்ப் பக்கம். ஒரே நாளில் ஒரே காண்ட்ராக்டரிடம் சேர்ந்தோம். ஒரகடம் போகும் வழியில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். கார் கம்பெனிகளுக்குத் தகட்டில் பாகம் அடித்துக் கொடுக்கிற இடம். அவன் ஆபரேட்டர். நான் சில வருஷம் கழித்து செட்டர் ஆனேன். தகட்டை வெட்டும் இரும்பு அச்சுக்கு டை என்று பெயர். அதை மெஷினில் பூட்டி, முதல் பீஸ் அடித்து, அளவு சரி என்று ஆபரேட்டரிடம் கொடுப்பது செட்டர் வேலை.

தகடு அடிக்கும் பழைய பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் டைக்குள் கை போகாது. அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அப்படி அடித்தால் டார்கெட் வராது. அதனால் எல்லாரும் ஒன்று செய்வோம். இடது பட்டனை உள்ளே அழுத்தி, அதன் ஓரத்தில் ஒரு வாஷரை, போல்ட்டுக்குப் போடும் சின்ன இரும்பு வளையத்தை, செருகிவிடுவோம். பட்டன் மேலே வராது. பிறகு வலது கையால் மட்டும் அடிக்கலாம். இடது கை தகட்டை வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பீஸுக்கு இரண்டு செகண்ட் மிச்சம். இதை "லெஃப்டுக்கு லீவு" என்போம். சூப்பர்வைசருக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். லீவு கொடுப்பது செட்டர். ஆடிட் வருகிறது என்றால் ஓடிப்போய் வாஷரை எல்லாம் பிடுங்குவதும் செட்டர்.

அன்று மாதக் கடைசி. செகண்ட் ஷிஃப்ட். டிஸ்பாட்ச் வண்டி வெளியே நின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கி லீவு வேணாம் மச்சி" என்றான். "தகடு ஒரே எண்ணெயா கீது. வழுக்குது."

"போர்டைப் பாரு. எவ்ளோ பாக்கின்னு பாரு."

"வேணாம்டா."

"உன்னிய எவன் கேக்கப் போறான்? என்னியதான் கேப்பாங்க."

நான் செருகினேன். அவன் கையுறையைச் சரி செய்துகொண்டு அடிக்க ஆரம்பித்தான்.

மெஷின் சத்தத்தை வைத்தே எங்களுக்குத் தெரியும். தகடு மட்டும் வெட்டினால் ஒரு சத்தம். அன்று எட்டரை மணி வாக்கில் வேறு சத்தம் வந்தது. நான் நான்கு மெஷின் தள்ளி இருந்தேன். ஓடினேன். தகடு கோணலாகப் போயிருக்கிறது. இடது கை அதைச் சரி செய்யப் போயிருக்கிறது. வலது கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிவிட்டது.

அவன் கத்தவில்லை. "மச்சி" என்றான். அவ்வளவுதான். கீழே உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். யாரோ துணி கொண்டுவந்தார்கள். நானும் குனிந்தேன். அப்போது என் கை பட்டனுக்குப் போனது. வாஷரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆடிட்டுக்கு ஓடி ஓடிப் பிடுங்கிய கை. ஆனால் பையில் போட்ட பிறகு யோசித்தேன். திரும்ப வைக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

பிறகு சூப்பர்வைசர் வந்தார். சேஃப்டி ஆபீசர் வந்தார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் இரண்டு பட்டனும் மேலே இருந்தன.

விசாரணை வைத்தார்கள். அவன் கையில் பெரிய கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தான். அந்த மாதம் பெர்மனன்ட் லிஸ்ட் வருவதாகப் பேச்சு. லிஸ்டில் அவன் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது.

"லெஃப்ட் பட்டன்ல வாஷர் இருந்துச்சு சார்" என்றான்.

ஹெச்.ஆர். போட்டோவை அவன் முன்னால் தள்ளினார்.

"எங்கப்பா? காட்டு."

அவன் போட்டோவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

என்னிடம் கேட்டார்கள். "நான் கவனிக்கல சார்" என்றேன்.

"பொய் சொல்லாதப்பா" என்றார் ஹெச்.ஆர். அவனிடம். "உனக்கு நல்லது பண்ணணும்னுதான் நாங்களும் பாக்கறோம்."

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவனைக் காண்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் லிஸ்ட் வந்தது. என் பெயர் இருந்தது.

அவன் குன்றத்தூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். அவன் வீட்டுக்காரி செல்போன் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போனாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். என்னை ஒன்றும் கேட்க மாட்டான். ஒரே ஒரு தடவை, கிளம்பி வண்டி எடுக்கும்போது, "வாஷர் இருந்துச்சுல்ல மச்சி?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை. அவனுக்கே சந்தேகம் வந்த மாதிரி கேட்டான்.

"விட்றா அத்த" என்றேன்.

அதற்கு அப்புறம் கேட்கவில்லை. ஐந்து வருஷம் ஆனது. அதன் பிறகுதான் இந்த நாடகம்.

அந்த அபார்ட்மெண்டில் குடியிருந்த ஒரு பெண் நாடகக்காரி. அவள் குழு தொழிலாளிகள் கதையைச் சேகரித்துக்கொண்டிருந்ததாம். கேட்டில் இவனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். இவன் சொல்லியிருக்கிறான். உங்கள் கதையை நீங்களே மேடையில் சொல்லுங்கள் என்று அழைத்துப் போய்விட்டார்கள்.

அவன் கதை என்றால் அதில் நான் இருப்பேன். ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். அவன் தங்கச்சி என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரியிடம் போனில் சொல்லிவிட்டான். அவள் விடவில்லை.

அவள் காஞ்சிபுரம் பக்கத்துக்காரி. நாடகம் என்றால் அவளுக்குத் திருவிழாக் கூத்துதான். விடிய விடிய நடக்கும். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். புளிசோறு கட்டி எடுத்துக்கொண்டாள். பாயும் எடுக்கட்டுமா என்று கேட்டாள். சேர் போடுவார்கள் என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, கோயம்பேட்டில் இறங்கி, மெட்ரோவில் எழும்பூர் போனோம். மெட்ரோ ஏ.சி.யில் அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெரிய தியேட்டர் என்று நினைத்திருந்தோம். சந்துக்குள் ஒரு பழைய கட்டடம். இரண்டாவது மாடி. உள்ளே சுவர் எல்லாம் கறுப்பு பெயிண்ட். மேடை இல்லை. தரைதான் மேடை. சுற்றிப் பிளாஸ்டிக் சேர். நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் கதர்ச் சட்டை, ஜீன்ஸ், சாயம் போன புடவை.

"இன்னாய்யா இது" என்றாள் என் காதில். "மெட்ராஸ்காரங்கன்ற. ஒருத்தரும் நல்ல துணி கட்டிகினு வரல."

வாசலில் நின்ற பையன் பையைப் பார்த்துவிட்டு, சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றான்.

"பசிச்சா?"

"எட்டு மணிக்கு முடிஞ்சிடும் மேடம்."

"எட்டுக்கேவா? இதுக்கா அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்தோம்?"

அப்போது அவன் வெளியே வந்தான். கறுப்பு டீ ஷர்ட் போட்டிருந்தான். இளைத்திருந்தான். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"இன்னா தங்கச்சி, பட்டு? எனக்குக் கல்யாணம்னு நெனச்சிகினியா?"

"ஒரு கல்யாணத்துக்கே உன் பொண்டாட்டி அழுதுகினு கீது. உனக்கு இன்னொண்ணு கேக்குதாண்ணா?"

சிரித்தான். அவள் கையிலிருந்த பையை வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்து, பத்திரமாக வை, இது வீட்டு சாப்பாடு என்றான். எங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தான். குனிந்து என் தோளைத் தட்டினான்.

"வந்துட்டல்ல. அது போதும் மச்சி."

நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவன் அதற்குள் போய்விட்டான்.

விளக்கை அணைத்தார்கள். யாரும் பேசவில்லை. அவ்வளவு அமைதி எனக்குப் பழக்கம் இல்லை. எங்கள் ஷாப்பில் லீவு நாளில்கூட கம்ப்ரசர் ஓடும். இருட்டில் என் காதுக்குள் ஓடும் இரைச்சல்தான் கேட்டது.

மொத்தம் மூன்று பேர்தான். அவன். தொங்கவிட்ட ஒரு இரும்புத் தகட்டைச் சுத்தியால் தட்டுகிற ஒருவர். காகிதத்தைப் பார்த்து கம்பெனி உத்தரவுகளைப் படிக்கிற அந்தப் பெண். நடுவில் ஒரு மேசை. மேசை மேல் இரண்டு சிவப்பு மூடி. அதுதான் பட்டன்.

அவன் முதலில் கம்பெனி பஸ்ஸில் தூங்குவதைச் செய்து காட்டினான். கேன்டீன் சாம்பாரைப் பற்றிச் சொன்னான். சூப்பர்வைசர் நடையை நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி சேரைத் தட்டிச் சிரித்தாள். அவனுக்கு இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தவன் நான்.

பிறகு வேலை. தகட்டை வைப்பான். இரண்டு கையாலும் இரண்டு மூடியைத் தட்டுவான். சுத்தி ஒரு அடி. எடுப்பான். வைப்பான். தட்டுவான். ஒரு அடி. அந்தப் பெண் டார்கெட் நம்பர் சொல்லிக்கொண்டே வந்தாள். நம்பர் ஏறியது. அடி ஏறவில்லை.

அப்போது அவன் நிறுத்தினான். எங்களைப் பார்த்துச் சொன்னான்.

"இங்க ஒரு வாஷர் வெப்போம். எங்க ஷாப்புல மட்டும் இல்ல, எல்லா எடத்துலயும் வெப்பாங்க. யாரு வெச்சான்னு கேக்காதீங்க. அது பெரிய விஷயம் இல்ல. அவனுக்கும் டார்கெட்டுதான்."

ஒரு சின்னக் கல்லை எடுத்து இடது மூடி மேல் வைத்தான். இப்போது அடி வேகமாக விழுந்தது. அவன் இடது கை போய்ப் போய் வந்தது. இரண்டு விரல் உள்ள கை. சுத்தி நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து எந்த அடி என்று எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் அந்தப் பெண் விசாரணை ரிப்போர்ட்டைப் படித்தாள். கவனக்குறைவு என்று முடித்தாள். விளக்கு வந்தபோது மூடி மேல் கல் இல்லை. அவன் மேசையைச் சுற்றித் தேடினான். மேசைக்கு அடியில் தேடினான். எழுந்து நின்றான்.

"வாஷர் இருந்துச்சு" என்றான். "நான் பொய் சொல்லல."

அவ்வளவுதான் நாடகம்.

என் பெயரைச் சொல்லவில்லை. வைத்தது யார் என்று கேட்காதீர்கள் என்று அவனே சொல்லிவிட்டான். ஒரு வாரம் தூங்காமல் இருந்ததை நினைத்து எனக்கு மூச்சு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் யாரும் எழவில்லை. பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அங்கே அது வழக்கமாம்.

ஒருவர் சம்பளம் பற்றிக் கேட்டார். ஒருவர் சட்டம் பற்றிப் பேசினார், அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்தார். நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு பெரிய வலி. அந்த நேரத்துல உங்க ஞாபகம் கொஞ்சம் மாறி இருக்கலாம் இல்லையா? வாஷர் வேற நாள் இருந்திருக்கலாம். அன்னைக்கு இல்லாம இருந்திருக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான்.

"இருக்கலாம் மேடம். அஞ்சு வருஷமா எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. நானே சில நாளு அப்டித்தான் நெனக்கிறேன்."

பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தான்.

"அன்னிக்கி என்கூட வேலையில இருந்த ஒருத்தரு இங்க வந்துகீறாரு. என் ஃப்ரெண்டு. மைக்க அவராண்ட குடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் வேறு யாரையும் கூப்பிடாதது ஏன் என்று புரிந்தது. பழி போட என்னைக் கூப்பிடவில்லை. இருந்தது என்ற ஒரு சொல். அதற்காகக் கூப்பிட்டிருக்கிறான்.

மைக் கை மாறிக் கை மாறி வந்தது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். இரண்டு பேர் போனைத் தூக்கி என்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோ எங்கள் ஹெச்.ஆர். கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

கம்பெனியில் சேஃப்டி வாரம் நடக்கும். கடைசி நாள் மைக்கில் யாராவது பேசுவார்கள். அதை நிறைய தடவை கேட்டிருக்கிறேன். என் வாயில் அதுதான் வந்தது.

"வணக்கம். நானும் இவரும் ஒண்ணா வேலை செஞ்சோம். நல்ல உழைப்பாளி. இன்னிக்கி ரொம்ப சிறப்பா செஞ்சாரு. எல்லாரும் இவருக்காக ஒரு தடவை ஜோரா கைதட்டுங்க."

தட்டினார்கள். நூறு பேரும் தட்டினார்கள். கேள்வி கேட்ட அம்மாவும் தட்டினார். கேள்வி அதில் போய்விட்டது. நான் உட்கார்ந்தேன். அவன் எல்லாருக்கும் கும்பிடு போட்டான். என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது சாப்பாட்டுப் பையைக் கொடுத்தான். "பாத்துப் போ தங்கச்சி, கூட்டமா இருக்கும்" என்றான். என்னிடம், "வந்ததுக்கு தேங்க்ஸ்டா" என்றான். யாரோ அவனைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

மெட்ரோ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கேட்டாள்.

"அந்தம்மா கேட்டது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. வாஷர் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"யாரு வெச்சா?"

"நான்."

"அப்போ போட்டோல ஏன் இல்ல?"

"எடுத்துட்டேன்."

மடியில் இருந்த பையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். வண்டி வந்தது. ஏறினோம். பூந்தமல்லியில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சொன்னாள்.

"அந்த லிஸ்டுல பெர்மனன்ட் ஆனதாலதான நமக்கு லோன் குடுத்தான்? அதுலதான வூடு கட்டினோம்?"

"ஆமா."

"அந்தண்ணன் அந்த வூட்டுல வந்து நம்ம பொங்கலை சாப்புட்டுப் போச்சு."

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

"நீ போயி சொல்லு" என்றாள்.

"யாராண்ட?"

"இன்னிக்கி யாரெல்லாம் கை தட்னாங்களோ அவங்களாண்ட."

புளிசோறை அங்கே படுத்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பிறகு வீட்டில் இரண்டு மாதம் என்னிடம் வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

திரும்ப அந்த நாடகம் போடுகிறார்கள் என்று அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தேன். அவன் கூப்பிடவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று வரிதான். வாஷர் இருந்தது. வைத்தவன் நான். எடுத்தவனும் நான். யார் வீடியோ எடுத்தாலும் எடுக்கட்டும் என்று முடிவு செய்திருந்தேன். அது உண்மை. அன்று சொல்லத்தான் போனேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பஸ் தூக்கம், கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசர் நடை. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மேசை, இரண்டு மூடி. இரண்டு கையாலும் தட்டினான். அடி விழுந்தது. நான் கல்லுக்காகக் காத்திருந்தேன். அவன் நிறுத்தவே இல்லை. இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே போனான். அடி மட்டும் வேகமாகிக்கொண்டே போய் விளக்கு அணைந்தது. அந்தப் பெண் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தாள். விளக்கு வந்தது. அவன் கையைத் தூக்கிக் காட்டினான். முடிந்தது.

வாஷர் என்ற சொல்லே வரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. வேலை நேரம் பற்றிக் கேட்டார்கள். காண்ட்ராக்ட் முறை பற்றிக் கேட்டார்கள். விபத்து எப்படி நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மெஷின் என்றால் கை போகும் என்று நினைத்திருப்பார்கள். நான் கையைத் தூக்கியிருக்கலாம். மைக் கொடுத்திருப்பார்கள். யாரும் கேட்காததற்கு எப்படி எழுந்து பதில் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் அதுவும் ஒரு சாக்கு.

எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டான்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம? தங்கச்சி வரல?"

"அந்த எடம் ஏன்டா இல்ல?"

"எந்த எடம்?"

"வாஷரு."

"அதுவா. எடுத்துட்டோம். பாக்கறவங்களுக்கு அதுல சந்தேகம் வருதாம், அப்புறம் மொத்தத்துலயும் சந்தேகம் வருதாம். டைரக்டரு வேணாம்னாரு. நானும் சரின்னுட்டேன். எனக்கே உறுதியா தெரியலயே மச்சி. உனக்கே ஞாபகம் இல்ல."

"இருந்துச்சுடா" என்றேன். "நான்தான் எடுத்தேன். நீ கீழ உக்காந்துகினு இருந்தல்ல, அப்ப எடுத்தேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"அப்போ நான் பைத்தியம் இல்ல" என்றான்.

"இல்ல."

"எங்க அம்மாகூட நம்பல, தெரியுமா? கைய நீயேதான் வுட்ருப்பன்னு சொல்லும். சாவற வரைக்கும் சொல்லிச்சு."

நான் தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கி நூறு பேரு இருந்தாங்க மச்சி. மைக்கு உன் கையில இருந்துச்சு. இன்னிக்கி நீயும் நானும்தான் கீறோம்."

"திரும்ப சேத்துக்கடா அந்த எடத்த. நான் வந்து நிக்கிறேன். எத்தன பேரு இருந்தாலும் சொல்றேன்."

"இதான்டா கடைசி. இதோட முடிஞ்சிது. இவங்க வேற நாடகம் எடுக்கறாங்க. மீனவங்களப் பத்தி."

கீழே இருந்து அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். பேண்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"கம்பெனில சொல்லட்டுமாடா?" என்று கேட்டேன். "எழுதிக் குடுக்கறேன். ரிப்போர்ட்டை மாத்தச் சொல்றேன்."

"அத ஏன் என்னாண்ட கேக்குற?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். வண்டியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். கதவைச் சாத்தும்போது, "பூந்தமல்லி பஸ் கெடைக்கும்ல?" என்று கேட்டான். கிடைக்கும் என்றேன்.

அவன் இந்தப் பொங்கலுக்கு வரவில்லை. நான் போன் செய்தேன். எடுத்தான். டியூட்டி என்றான்.

கம்பெனியில் அந்த ஹெச்.ஆர். இப்போது இல்லை. வேறு ஆள் வந்துவிட்டார். சின்ன வயசு. எல்லாரிடமும் நன்றாகப் பேசுவார். அவர் ரூம் கேன்டீனுக்குப் போகும் வழியில் இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கும். தினமும் அந்த வழியாகத்தான் சாப்பிடப் போகிறேன்.

இன்னும் சொல்லவில்லை.